பர்சோ அடிபட்ட வண்டி

தம்பிகளுக்கு,

தமிழ்நாட்டிலிருந்து நீங்கள் நான்கு பேர் போன திங்கட்கிழமை நம் ஐதராபாத் ஜீடிமெட்லா ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தீர்கள். நால்வர் கையிலும் பிளாஸ்டிக் உறை போட்ட டிப்ளமா சான்றிதழ். நானும் அப்படித்தான் வந்தேன். உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்க வேண்டிய தேவை வரவில்லை.

எட்டு வருடம் கார்களுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்ததில் என் கழுத்தெலும்பு ஒன்று தேய்ந்துவிட்டது. நிர்வாகம் மனமிரங்கி அடியிலிருந்து எனக்கு ஓய்வு கொடுத்து, மாடியில் ஏசி அறையில் உட்கார வைத்திருக்கிறது. முப்பத்தொரு வயதில் ஓய்வு பெற்ற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஓய்வு பெற்றவர்கள் புத்தி சொல்லாமல் இருந்தால் சோறு செரிக்காதாம். படித்துத் தொலையுங்கள்.

டீசல் காரின் அடியில் எது எது அடிபடும், எதை எப்படிக் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் கம்பெனி புத்தகத்தில் வண்ணப் படத்தோடு இருக்கிறது. அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒன்று உண்டு. அடியில் கிடக்கும் இரும்பு பொய் சொல்லத் தெரியாத பிறவி. பொய் எல்லாம் மேலே, வண்டியின் குறையைக் குறித்துக்கொள்ளும் ஜாப் கார்டில்தான் நடக்கிறது. அதை எழுதுவது நாம்.

சேர்ந்த புதிதில் ஒரு வண்டி ‘கடகட’ என்று சத்தம் போடுகிறது என்று வந்தது. படித்த படிப்பெல்லாம் சேர்ந்து, சக்கரத்தருகே இருக்கும் ‘லிங்க் ராட்’ என்று அடித்துச் சொன்னது. இரண்டு பக்கமும் புதிதாக மாற்றினேன். சத்தம் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் அடிமறைப்பைக் கழற்றியபோது காய்ந்த தேங்காய் மூடி ஒன்று உருண்டு வந்து என் காலடியில் விழுந்தது. கோயிலில் வண்டிக்குப் பூசை போட்டு உடைத்த காய். அன்றே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தேங்காய் உடைத்தவரைத் திட்டிவிட்டுப் போய்விட்டேன்.

இப்போது கஸ்தூரி டீச்சர் கதைக்கு வருகிறேன்.

நான் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. தமிழ் பேசும் வாடிக்கையாளர் வந்தால் ஜாப் கார்டு எழுத என்னை அனுப்புவார்கள். எனக்கு அதில் பெருமை தாங்காது. என் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா தர்மபுரிப் பக்கம் கல் உடைப்பவர். எழுதிய காகிதத்தைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கையில் வாங்குவார். அவருடைய பிள்ளை, ஒரு நாளைக்குப் பத்துக் காகிதம் எழுதுகிறான்! எழுதிவிட்டால் அது உண்மை என்று நம்பும் வியாதி எனக்கு அங்கிருந்து வந்தது.

போதாக்குறைக்கு ஹிந்தி வேறு. ஐதராபாத்தில் வேலை என்றதும் இரண்டு மாதம் புத்தகம் வைத்து மனப்பாடம் செய்து, இலக்கணச் சுத்தமாகக் கற்றுக்கொண்டு வந்திருந்தேன். இந்த ஊர்க்காரர்கள் பேசும் ஹிந்தியைக் கேட்டு மனதுக்குள் திருத்திக்கொண்டே திரிந்த காலம் அது.

கஸ்தூரி டீச்சர் ஒரு வியாழக்கிழமை வந்தார். திருமுல்கேரியில் வீடு. ராணுவத்துக்குத் துணி தைத்துக் கொடுக்க ஆற்காட்டிலிருந்து வந்த தாத்தாவின் பேத்தி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை, வண்டியைத் தானே ஓட்டுவார். ஆற்காட்டுத் தமிழில் இந்த ஊர் ஹிந்தியான தக்கனியைத் தாளித்துப் பேசுவார்; ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’.

“அடியில ஆயில் சொட்டுதுப்பா. ரெண்டு நாளா வண்டியை எடுக்கல. வாசல்ல கோலம் போட்ட மாதிரி கறை.”

“எங்கேயாவது அடிபட்டுச்சா மேடம்?”

“ஹவ், பர்சோ ஒரு ஸ்பீடு பிரேக்கர்ல நல்லா தட்டுச்சு. மேடம்லாம் நக்கோ, டீச்சர்னு சொல்லு.”

பர்சோ. என் புத்தகத்தில் பதினேழாம் பாடம். ‘பர்சோ என்றால் முந்தாநாள்.’ டீச்சரும் இரண்டு நாளாக வண்டியை எடுக்கவில்லை என்கிறார். கணக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஜாப் கார்டில் அழகான கையெழுத்தில் எழுதினேன்: இரண்டு நாட்களுக்கு முன் அடி, அதன்பின் ஓட்டம் இல்லை.

“ஞாயித்துக்கிழமை காலையில வாரங்கல் போவணும்பா. மகளுக்கு ஏழு மாசம். வளைகாப்பு முடிஞ்சுது, இங்க கூட்டிட்டு வரணும், பன்னெண்டு மணிக்குள்ள அவ அங்க வாசல் தாண்டணும், அப்புறம் எமகண்டம். புள்ளத்தாச்சிய வாடகை வண்டியில ஏத்த மாட்டேன். என் கையி எனக்குத் தெரியும். சனிக்கிழமை குடுத்துடுவ இல்ல?”

“கண்டிப்பா டீச்சர்.”

நம் ஒர்க்‌ஷாப் சுவரில் ஒரு பலகை இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். ‘முதலில் கழுவு, பிறகு பார்.’ மிகவும் சுத்தமான கொள்கை. கொலை நடந்த வீட்டில் போலீஸ் வருவதற்குள் தரையைத் துடைத்து வைப்பதைப் போல. நான் கொள்கைப் பிடிப்புள்ளவன். வண்டியை நேரே வாட்டர் வாஷுக்கு அனுப்பினேன். அங்கே யாதகிரி. நாற்பது வயது இருக்கும், எப்போதும் முழங்கால் வரை நனைந்தே இருப்பார். “பெரியவங்க வண்டி, அடியில பளபளன்னு கழுவு” என்று சொல்லி அனுப்பினேன். கழுவினார். இன்றுவரை அப்படிக் கழுவிய வண்டியை நான் பார்த்ததில்லை.

லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன். என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப் தொட்டி உள்நோக்கிக் குழிந்து, மயிரிழை விரிசல் விட்டிருந்தது. குழியின் ஓரத்தில் லேசாகத் துரு. இரண்டு நாளில் துரு பிடிக்குமா? மழைக்காலம், பிடிக்கும் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். சம்பைக் கழற்றினேன். உள்ளே ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வாய், குழிந்த தகட்டில் முட்டி முட்டி, வட்டமாக ஒரு தழும்பு. ஆழமாக, பளபளப்பாக. இரண்டு நாள் வீட்டு வாசலில் நின்ற வண்டியில் யார் வந்து முட்டினார்கள்? அதற்கும் பதில் வைத்திருந்தேன்: அடி பலமாக இருந்திருக்கும்.

துரு சொன்னது, தழும்பு சொன்னது. இரண்டு சாட்சிகளையும் ஜாப் கார்டைக் காட்டி உட்கார வைத்தேன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் சிக்கனக்காரன், இரண்டு வேலையையும் ஒரே ஆளாகச் செய்தேன்.

புது சம்ப், புது ஆயில். சனிக்கிழமை மாலை வண்டி கிளம்பியது. டீச்சர் எனக்கு ஒரு பொட்டலம் ஓமப்பொடி கொடுத்தார்.

ஞாயிறு காலை எட்டரை மணி. பாதி ஆட்கள்தான் வேலைக்கு வருவோம். நானும் யாதகிரியும் வாஷ் மேடை ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். தண்ணீர்க் குழாய் மூன்று இடத்தில் பீய்ச்சியடித்தது. அவர் தெலுங்கும் தக்கனியும் கலந்து பேசுவதைத் தமிழில் எழுதுகிறேன்.

“என்ன யாதகிரி, குழாய் இவ்வளவு பழசா இருக்கு?”

“பழசா? பர்சோதான் சார் மாத்தினாங்க.”

“முந்தாநாளா? முந்தாநாள் நான் இங்கேதானே இருந்தேன். நாலு இடத்துல சைக்கிள் டியூப் கட்டியிருக்கு.”

யாதகிரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “முந்தாநாள்னு எவன் சொன்னான்? பர்சோன்னேன்.”

“பர்சோன்னா முந்தாநாள்தான்.”

“அது உங்க புஸ்தகத்துல சார். இங்க போன வாரமும் பர்சோ, போன வருஷமும் பர்சோ. என் கல்யாணம்கூட பர்சோதான் ஆச்சு. மூத்த பையன் பத்தாவது படிக்கிறான்.”

அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தார். என் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

“யாதகிரி, அந்த டீச்சர் வண்டி. கழுவறதுக்கு முன்னாடி அடியில எப்படி இருந்துச்சு?”

“அதை ஏன் கேக்கறீங்க? ஆயிலும் மண்ணும் சேர்ந்து தார் ரோடு மாதிரி கட்டியிருந்துச்சு. சுரண்டித்தான் எடுத்தேன். நீங்கதானே பளபளன்னு இருக்கணும்னீங்க?”

புதிதாகக் கசிந்த ஆயில் ஈரமாக இருக்கும். மண் கட்டி இறுகிய ஆயில் பல வாரத்துக் கசிவு. இது முதல் வருடப் பாடம். அந்தச் சாட்சியை நான் பார்க்கவே இல்லை. சோப்பு போட்டுக் கழுவிச் சாக்கடைக்கு அனுப்பியிருந்தேன்.

இரண்டு நாள் அடி என்றால் சம்பை மாற்றியது சரி. பல வாரம் அந்தக் குழியோடு ஓடியிருந்தால் என்ஜினுக்கு ஆயில் அரைகுறையாகத்தான் ஏறியிருக்கும். அதில் முதலில் சாவது, என்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ. டர்போவின் அச்சு தேய்ந்தால் ஆயில் காற்றுக் குழாய்க்குள் கசியும். டீசல் என்ஜினுக்கு அதுவும் தீனிதான். ஒரு கட்டத்தில் சாவியைத் திருப்பி அணைத்தாலும் அணையாமல், தன் ஆயிலைத் தானே குடித்துக்கொண்டு வெறி பிடித்து ஓடும். நான் இதைப் பரீட்சையில் படம் போட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன். அப்படி ஒரு வண்டி இப்போது நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கலாம். திரும்பி வரும்போது அதில் ஏழு மாதக் கர்ப்பிணி இருப்பாள். டர்போவை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

போன் செய்தேன். மூன்று முறை. எடுக்கவில்லை. டீச்சர் சட்டத்தை மதிப்பவர், ஓட்டும்போது போனைத் தொட மாட்டார்.

சர்வீஸ் மேனேஜரிடம் போனேன். பல மொழி தெரிந்தவர். எல்லா மொழியிலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: ‘டெலிவரி ஆயிடுச்சுல்ல?’ அன்றும் அதைத்தான் கேட்டார்.

“ஆயிடுச்சு சார். ஆனா நான் தேதியைத் தப்பா எழுதிட்டேன். டர்போ போயிருக்கலாம்.”

“போயிருக்கலாமா, போயிருக்கா?”

“தெரியல சார். பார்க்கல.”

“அப்ப பிரச்சனை இல்ல. இருந்தா அவங்களே கூப்பிடுவாங்க. கஸ்டமர் கையெழுத்துப் போட்டாச்சு. நம்ம தப்பை நாமளே தேடிப் போய் சொல்ற கம்பெனி எங்கயாவது இருக்காப்பா?”

தம்பிகளே, அவரைத் திட்டாதீர்கள். அவர் சொன்னது எனக்கும் அந்த நிமிடம் இனிப்பாகத்தான் இருந்தது. வண்டி நன்றாக ஓடினாலும் ஓடும். நான் போய்ச் சொன்னால் ஒன்பது மாத வேலை போகும். ஊரில் அப்பா என் வேலையைப் பற்றி டீக்கடையில் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. வாயை மூடிக்கொண்டு இருக்கலாமா என்று முழுதாக இரண்டு நிமிடம் யோசித்தேன். இந்த இரண்டு நிமிடத்தை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்காக எழுதுகிறேன்.

அப்போது போன் அடித்தது.

“இன்னாப்பா, மூணு வாட்டி கூப்பிட்டிருக்க? ஓமப்பொடி தீந்துடுச்சா? பீபீநகர்ல டிபன் சாப்பிட நிறுத்தினேன், இப்பதான் பார்த்தேன்.”

“டீச்சர், வண்டி எப்படி ஓடுது?”

“ஜோரா ஓடுது. கொஞ்சம் விசில் அடிக்குது. அது முன்னாடியே இருக்கு.”

விசில் என்றால் டர்போவின் அச்சு தேய்கிறது என்று அர்த்தம். “எப்பலேர்ந்து டீச்சர் விசில்?”

“பர்சோலேர்ந்துதான்.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்தது. “டீச்சர், அந்த பர்சோ எப்ப? ஆடி மாசப் போனாலு பண்டிகைக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடிப்பா. அது தட்டின அப்புறம்தானே திருப்பதி போயிட்டு வந்தோம்? நான், அக்கா, அக்கா வூட்டுக்காரர், எல்லாம்.”

திருப்பதி. போகவர ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். மேனேஜர் எதிரில் உட்கார்ந்து, சொல்லாதே என்று தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. தப்பு என்னோடது. முந்தாநாள் அடின்னு எழுதிட்டேன், முழுசா பார்க்கல. நான் வர்றேன்.”

அவர் சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “பன்னெண்டு மணிக்குள்ள நான் வாரங்கல்ல இருக்கணும்பா” என்றார். அதில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

டார்ச்சும் ஸ்பேனரும் ஜாப் கார்டும் பையில் போட்டுக்கொண்டு பைக்கை மிதித்தபோது பின்னால் யாதகிரி ஏறி உட்கார்ந்தார். “எங்க ஊரு அந்தப் பக்கம்தான் சார். புவனகிரியில என் மச்சான் டாக்ஸி ஓட்டறான். அவனை வரச் சொல்லிட்டேன். பெட்ரோல் வண்டி, புதுசு.”

“எப்ப வாங்கினது?”

“பர்…” என்று ஆரம்பித்து நிறுத்தினார். “போன மாசம் சார். போன மாசம்.”

பீபீநகரில் டிபன் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். மடியில் மகளுக்கு வாங்கிய வளையல் பெட்டி. என்னைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பரீட்சை ஹாலுக்குத் தாமதமாக வந்தவனாக நின்றேன்.

என்ஜின் சூடு தணிந்திருந்தது. ஒருவேளை எல்லாம் நன்றாக இருந்துவிட்டால்? நல்ல வண்டியை நடுவழியில் நிறுத்திய கோமாளி என்று பெயர் வரும். அப்படியே வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கோமாளியாக வேண்டும் என்று வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான் வேண்டினேன்.

டர்போவிலிருந்து போகும் காற்றுக் குழாயின் கீழ்முனையைக் கழற்றினேன். காற்று மட்டும் போக வேண்டிய குழாய். யாதகிரி தான் டீ குடித்த காகிதக் கப்பைக் கீழே பிடித்தார். கப் நிறைந்தது. கருப்பாக, இன்னும் வெதுவெதுப்பாக. விரலை விட்டு டர்போ அச்சை அசைத்துப் பார்த்தேன். ஆடும் பல் மாதிரி ஆடியது.

அடுத்த நூறு கிலோமீட்டரில் அது வெறி பிடித்திருக்குமா? பிடித்திருக்கலாம். பிடிக்காமலும் போயிருக்கலாம். கதையை ஜோடிக்க எனக்கு விருப்பமில்லை, தெரியாது என்றே எழுதுகிறேன்.

கப்பை டீச்சரிடம் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

“நேத்து நீ இத பார்த்தியா?”

“இல்ல டீச்சர்.”

“ஏன் பார்க்கல?”

“பர்சோன்னீங்க. முந்தாநாள்னு நெனச்சேன்.”

“நெனச்சேன்னு கணக்கு போட்டா எத்தினி மார்க்கு தெரியுமா? எப்பன்னு என்ன ஒரு வார்த்த திருப்பிக் கேட்டியா? நேத்தே சொல்லியிருந்தா வேற ஏற்பாடு பண்ணியிருப்பேனில்ல?”

அவர் என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஜாப் கார்டை உருவினார். தன் பேனாவால் ‘இரண்டு நாட்களுக்கு முன்’ என்பதை அடித்து, மேலே ‘இரண்டு மாதங்களுக்கு முன்’ என்று எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். என் அழகான கையெழுத்தின் மேல் அந்தக் கோடு நேராக, ஸ்கேல் வைத்தது போல விழுந்தது.

யாதகிரியின் மச்சான் வந்தான். வாடகை வண்டியில் பிள்ளைத்தாச்சியை ஏற்ற மாட்டேன் என்றவர், வளையல் பெட்டியோடு முன் சீட்டில் ஏறி, “ஏம்ப்பா, எவ்ளோ வேகத்துல ஓட்டுவ? எண்பதுக்கு மேல நக்கோ” என்று அவனுக்குப் பாடம் ஆரம்பித்தார். பதினொன்றே முக்காலுக்கு எனக்கு ஒரு செய்தி வந்தது. ஒரே வார்த்தை: ‘வந்துட்டேன்’. ரோட்டோரத்தில் இழுவை வண்டிக்காகக் காத்திருந்த நானும் யாதகிரியும் அதை நாலு தரம் படித்தோம். அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனாலும் படித்தார்.

மறுநாள் கம்பெனி எனக்கு ஒரு கடிதம் கொடுத்தது. அனுமதியின்றி வாடிக்கையாளரிடம் குறையை ஒப்புக்கொண்டதற்கான எச்சரிக்கை. நல்ல கனமான காகிதம். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அப்பா பையைத் துழாவி அதை எடுத்துவிட்டார். ஆங்கிலம், முத்திரை, கையெழுத்து. செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கினார். “கம்பெனியில குடுத்ததா?” என்றார். ஆமாம் என்றேன். சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறது. எனக்கு வேலையில் கிடைத்த கடிதங்களில் தகுதியோடு கிடைத்தது அது ஒன்றுதான், அது அங்கேயே இருக்கட்டும்.

‘முதலில் கழுவு’ பலகை இன்னும் சுவரில் இருக்கிறது. கம்பெனி மாட்டியதைக் கழற்ற நமக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் எந்த வண்டி வந்தாலும் யாதகிரி குழாயைத் திறப்பதற்கு முன் டார்ச் அடித்துப் பார்த்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறார். அவர் படத்தைக் கேட்காமல் எந்த வண்டியிலும் கை வைக்காதீர்கள். உங்கள் டிப்ளமாவுக்கு இதனால் கௌரவக் குறைவு வந்தால் மாடிக்கு வாருங்கள், பேசித் தீர்ப்போம்.

போன மாதம் கஸ்தூரி டீச்சர் வந்திருந்தார். வேறு வண்டி, அதுவும் டீசல்தான். நான் மாடியில் இருப்பது தெரிந்து என்னைக் கீழே கூப்பிட்டு விட்டார். பக்கத்தில் முன்பல் இரண்டும் இல்லாத ஒரு சிறுமி, பள்ளிச் சீருடையில்.

“அடியில ஏதோ தட்டுச்சுப்பா. பயப்படாத, இந்த வாட்டி தேதியோட சொல்றேன், எழுதிக்க. முந்தாநாள், சாயங்காலம் அஞ்சு மணி.”

“சரி டீச்சர். இது யாரு?”

“அன்னிக்கு வயித்துல இருந்தாளே, அவதான். பர்சோதான் பொறந்தா.”

சிறுமிக்குக் கோபம் வந்துவிட்டது. “பாட்டி! ஐ யாம் செவன்!”

நான் ஜாப் கார்டில் தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு, டாக்டர் நிமிர்த்தக் கூடாது என்று சொன்ன கழுத்தை நிமிர்த்தி, வண்டிக்கு அடியில் போனேன்.